உடைந்த சீற்றைக் கூட்டி அள்ள முன்னர்

ஷெல் பட்டு உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சில வளவுகளில் கோழிக்கூட்டுக்கு வைத்திருக்கிறார்கள், சிலர் நொறுக்கி ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போட்டிருக்கிறார்கள். நொறுக்குவதுதான் ஆபத்து. சாம்பல் நிறத்தில், சீமெந்துபோல் பாரமாக, உடைந்த ஓரத்தில் நார் தெரிந்தால் அஸ்பெஸ்ரஸ் என்றே எடுங்கள். நீல அஸ்பெஸ்ரஸ் 1987இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. நமது கூரைகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை. அதுவும் புற்றுநோயைத் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூசியைச் சுவாசித்து 20, 30 வருடங்களின் பின்னரே நோய் தெரியவரும். இன்று இருமல் இல்லையென்று இருந்துவிட வேண்டாம்.

வெடிப்பில்லாத கூரையைக் கழற்றத் தேவையில்லை. பாசியைக் கம்பிப் பிரஸால் உரஞ்சாமல் விட்டால் போதும். கழற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்கச் சொல்லுங்கள். வாளால் அரிய விடாதீர்கள். துண்டுகளை நனைத்துத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எங்கே போடுவதென்று பிரதேச சபையில் கேளுங்கள். உலரக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து, அத்துணியையும் அதே பொதிக்குள் வையுங்கள். சேலைத்தலைப்பை மூக்கில் கட்டினால் இந்தத் தூசி நிற்காது, தூசி வேலைக்கான முகக்கவசமே வேண்டும்.

"வருசக்கணக்கா இதைத்தானே அரியிறம், அக்கா" என்பார் மேசன். அவருக்கும் ஒரு முகக்கவசம் வாங்கி வையுங்கள். பிள்ளைகளை அன்று அம்மம்மா வீட்டுக்கு அனுப்புங்கள்.