குரலை விற்கும் தொழிலாளர்கள்

யானைக்கவுனியில், வால்டாக்ஸ் சாலை ஓரமாகக் காலை வேளையில் நின்று பாருங்கள். ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வாலிபர்களும் பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் மூட்டை தூக்கப் போகிறார்கள். சிலர் மாடியேறி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களிடம் கடனும் இன்ஷூரன்ஸும் வீட்டு மனையும் விற்கிறார்கள். தகப்பன் மில்லில் நூல் இழுத்தான். தாய் வயலில் நாற்று நட்டாள். மகள் குரலை விற்கிறாள்.

இது ஆயுள் முழுவதற்கும் ஒரு தொழிலாகுமா என்று கேட்கிறார்கள். ஆகும், ஆனால் இன்றுள்ள நிலையில் அல்ல என்பதே நமது பதில்.

பல இடங்களில் நிலையான சம்பளம் சொற்பம். மீதியெல்லாம் 'டார்கெட்' எட்டினால்தான். மில் தொழிலாளிக்குப் பீஸ் ரேட் புதிதல்ல. ஆனால் நெய்கிற துணி அவன் கையில் இருக்கிறது. இந்தப் பெண்ணின் கூலியோ, மறுமுனையில் இருப்பவர் 'வேண்டும்' என்று சொல்வதில் இருக்கிறது! வட்டியையும் விலையையும் நிர்ணயிப்பவர் முதலாளி. சரக்கு விற்காவிட்டால் தண்டனை தொழிலாளிக்கு. இது என்ன நியாயம்?

விற்பனை செய்கிறவர் தொழிலாளியே அல்ல என்ற வாதம் பழையது. மருந்து விற்பனைப் பிரதிநிதி சட்டப்படி தொழிலாளி அல்ல என்று 1961ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சங்கமாகத் திரண்டார்கள், போராடினார்கள். 1976ல் பார்லிமெண்ட் அவர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது.

யானைக்கவுனிக்குச் சற்றுத் தூரத்தில்தான் பெரம்பூர். அங்கே பி அண்டு சி மில் தொழிலாளர்கள், மதியச் சோற்றை நிதானமாக உண்ண நேரமில்லையே என்ற குமுறலோடு 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். அந்த மில் 1996ல் மூடப்பட்டது. அது கற்பித்த பாடம் மூடப்படவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: டார்கெட்டைச் சாராத, வாழ்வதற்குப் போதுமான அடிப்படைச் சம்பளம், நியமன உத்தரவு, ஈ.எஸ்.ஐ., பிராவிடண்ட் பண்டு. 1947ம் வருஷத்துக் கடைகள் சட்டம் சொல்லும் 8 மணி நேர வேலை, அதற்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி. ஆபாசமாகப் பேசுபவரின் அழைப்பைத் துண்டிக்கும் உரிமை.

மில் தோழர்களே! விவசாயத் தொழிலாளர்களே! நடவு வயலிலும் இயந்திரத்தின் முன்னாலும் உங்களுக்கு அந்த அழைப்பு வருகிறது. கோபமும் வருகிறது. அழைப்பு வேண்டாமென்றால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். மீறினால் அங்கேயே புகார் கொடுங்கள். அந்தப் பெண்ணை ஏசாதீர்கள். அவள் உங்கள் தெருப் பெண். இரண்டு வார்த்தை பேச முடிந்தால், "அம்மா, உங்களுக்குச் சங்கம் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.