நாகர் தீவு தரும் பாடம்

வேங்கடத்தின் அடிவாரத்தில் பயிலும் நமக்குக் கடற்கதை எதற்கு என்று கேட்கும் நண்பர் உளர். மணிமேகலையின் 16ஆம் காதையைப் படிக்குமாறு அவர்களை வேண்டுகிறேன்.

கைப்பொருள் இழந்து, பொருளீட்டக் கலமேறிய சாதுவன், கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். ஆளைத் தின்னும் நாகர் சூழ்ந்துகொள்கின்றனர். அவனிடம் வாளில்லை; படையில்லை. அவர்தம் மொழியை அறிந்திருந்தான், பிழைத்தான்! நாகர் தலைவனிடம் அறம் பேசினான். கரையேறும் உயிர்களைக் கொல்லாதே என்றான். தலைவனும் செவிசாய்த்தான், சந்தனமும் அகிலும் தந்து அனுப்பினான். காட்டு மாந்தர் என்று நாம் இகழ்வோரிடம் கேட்கும் பண்பு இருந்ததன்றோ?

சித்தூர் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு இடம் மாறலாம். அண்டை வீட்டார் அண்டை வீட்டாரே. தமிழைப் பேணுவது நம் கடன். ஆயினும், விடுதியில் நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் நாமும் ஒரு தீவாகிவிடுவோம். தெலுங்கை எழுதப் படிக்கக் கற்போம்; தெலுங்குத் தோழர்க்குத் தமிழ் கற்பிப்போம். வாரம் ஒரு மாலையை மன்றம் இதற்கென ஒதுக்குமா?