மண் பாதையில் முந்துவது யார்?

கார் பந்தயம் என்றால் வழவழப்பான தார் ரோடு நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மண்ணிலும் பந்தயம் நடக்கிறது!

அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில், ஒகாயோவின் எல்டோரா ஆகிய மண் பாதைகள் புகழ் பெற்றவை. எல்டோரா 1954-ல் தொடங்கியது. ஒரு சுற்று அரை மைல். இவை பெரியவை. சிறிய ஊர்களிலும் இப்படிப் பாதைகள் உண்டு. அங்கே ஓட்டுகிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். இரவில் வீட்டுக் கொட்டகையில் கார் வேலை. மனைவி, மகன், மச்சான் எல்லோரும் கூட நிற்பார்கள்.

துணிச்சல் மட்டும் போதாது. மண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். பந்தயத்துக்கு முன் களிமண்ணில் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரத்தில் டயர் நன்றாகப் பிடிக்கும். கார்கள் ஓட ஓட மண் காய்ந்து வழுக்கும். முதல் சுற்றில் ஓட்டியது போல் கடைசிச் சுற்றிலும் ஓட்டினால் தோல்விதான்.

வளைவில் காரின் பின்புறம் சறுக்கும். கார் இடப்பக்கம் திரும்பும். ஸ்டீரிங்கோ வலப்பக்கம் திருப்பியிருக்கும்! பின் சக்கரங்களில் வலது டயர் இடது டயரைவிடப் பெரியது. அதனால் கார் தானாகவே இடப்பக்கம் சாயப் பார்க்கும்.

சரி, பணம்?

சிறிய ஊர்களில் பரிசுப் பணம் பல வேளை டயர் செலவுக்கே காணாது. பணக்காரர் விலை உயர்ந்த என்ஜினோடு வந்தால் மற்றவர்கள் கதி?

இதற்குச் சில பிரிவுகளில் ஒரு விதி இருக்கிறது. முன்னால் வந்தவரின் என்ஜினைத் தோற்றவர் கேட்கலாம். குறித்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் பரிசு போய்விடும்!

"ராப்பகலாய் உழைத்துச் செய்த என்ஜினைப் பிடுங்குவதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் விதி நல்ல விதி. குறைந்த விலைக்குப் போகும் என்ஜினில் யார் பணத்தைக் கொட்டுவார்? ஏழை ஓட்டுநர் விலகிவிட்டால், பத்துக் கார் ஓடிய இடத்தில் மூன்று கார்தான் ஓடும். அதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?

பல பாதைகளில் இப்போது தொழிற்சாலையிலேயே சீல் வைத்த என்ஜின் வந்துவிட்டது. சீலை உடைக்கக் கூடாது. சண்டையும் குறைவு.

என்ஜினில் மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும்? ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, கழுத்துக் காப்பு, இருக்கை பெல்ட் ஆகியவற்றுக்குத்தான். பந்தய பெல்ட்டுக்குக் காலக்கெடு உண்டு. வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். என்ஜின் சீலை விளக்கடித்துப் பார்க்கும் அதிகாரிகள், ஒவ்வொரு பந்தயத்திலும் பெல்ட்டில் உள்ள தேதியையும் அதே விளக்கில் பார்க்க வேண்டும். கெடு தாண்டியிருந்தால், சொந்த ஊர்க்காரராக இருந்தாலும் அன்று வண்டியை இறக்கவே விடக்கூடாது.