சொல் ஆயுதமல்ல

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் இரண்டு பேச்சுகளைக் கேட்க நேர்ந்தது. முதலில் பேசியவர் கவிஞர். கவிதை ஓர் ஆயுதம் என்றார். தன் பேனாவில் இருப்பது மை இல்லை, வெடிமருந்து என்றார். அடுத்தவர் அமெரிக்காவில் சில வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பிய நண்பர். அந்நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமை, இரண்டாவது திருத்தம் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், இரண்டாவது இருப்பதால்தான் முதலாவது பிழைத்திருக்கிறது என்பது அவர் வாதம். துப்பாக்கி இல்லாத நம் ஜனங்களின் பேச்சுரிமை வெறும் காகிதம் என்றும் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல். நான் தட்டவில்லை. எழுந்து மறுக்கவுமில்லை; கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

கைதட்டல் ஒன்றாக இருந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே சமன்பாடு: சொல்லும் துப்பாக்கியும் ஒரே ஜாதி. நண்பர் அதைச் சட்டமாகச் சொன்னார், கவிஞர் உருவகமாகச் சொன்னார். சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம்.

முதலாவது, இரண்டாவது என்ற வரிசையில் தத்துவம் எதுவுமில்லை. 1789-ல் அமெரிக்கக் காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியது 12 திருத்தங்கள். அதில் பேச்சுரிமை மூன்றாவது, ஆயுத உரிமை நான்காவது. பிரதிநிதிகளின் எண்ணிக்கை பற்றிய முதலாவதும், அவர்கள் சம்பளம் பற்றிய இரண்டாவதும் போதிய மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் நின்றுபோனதால், 1791-ல் மற்றவை மேலே ஏறின. சம்பளத் திருத்தம் 1992-ல் எழுந்து வந்து 27-வது திருத்தமாக உட்கார்ந்தது. ஒரு தபால் தாமதத்தை ரத்த பந்தமாக நினைத்துக்கொள்வது சரியல்ல. தவிர, இரண்டாவது திருத்தம் மக்கள் படையைப் பற்றிய ஒரு முன்வாசகத்தோடு தொடங்குகிறது. அந்தப் படைக்கு வெளியே தனிமனிதனுக்கும் துப்பாக்கி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2008-ல், ஹெல்லர் வழக்கில், 5-க்கு 4 என்ற கணக்கில். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு 217 வருஷங்கள் கழித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

துப்பாக்கிதான் பேச்சைக் காத்தது என்ற வாதம் இதைவிட முக்கியமானது. சரித்திரத்தைக் கேட்போம். 1798-ல், முதல் திருத்தத்தின் மை காய்ந்து ஏழே வருஷத்தில், அரசாங்கத்தை ஏசுவது குற்றம் என்று ராஜத்துரோகச் சட்டம் வந்தது. மாத்யூ லயன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஜனாதிபதியைத் தாக்கி எழுதியதற்காக 4 மாதம் சிறை சென்றார். சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். 1801-ல் அந்தச் சட்டம் காலாவதியானது. அதைப் புதைத்தது ஓட்டுச் சீட்டு. 1918-ல் யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் தலைவர் ஓஹையோவில் யுத்தத்தை எதிர்த்து ஒரு பிரசங்கம் செய்தார். 10 வருஷ தண்டனை. 1919-ல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அதை உறுதி செய்தது. மறு வருஷம் அவர் சிறைக்குள்ளிருந்தே ஜனாதிபதி தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். 1921 டிசம்பரில் வெளியே வந்தார். அந்த வருஷங்களிலெல்லாம் தேசம் முழுக்க வீடுகளில் துப்பாக்கி இருந்தது. டெப்ஸின் ஒரு வாக்கியத்தைக்கூட அவற்றில் எதுவும் காக்கவில்லை.

பிறகு பேச்சுரிமை எப்படி வளர்ந்தது? பேச்சால்தான். டெப்ஸின் தண்டனையை உறுதி செய்த தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஹோம்ஸ், அதே 1919 நவம்பரில், ஆப்ராம்ஸ் வழக்கில் எதிர்த் திசையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இடையில் நண்பர்களும் சட்ட அறிஞர்களும் அவரோடு வாதாடியிருந்தார்கள், கடிதம் எழுதியிருந்தார்கள். அன்று தோற்ற அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பின் திசையில் நீதிமன்றம் மெல்ல நகர்ந்து, 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில் வந்து நின்றது: உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடக்கூடிய சாத்தியமும் இருந்தாலொழிய பேச்சைத் தண்டிக்க முடியாது. அரை நூற்றாண்டு வாதம். எந்த இடத்திலும் துப்பாக்கி குறுக்கே வரவில்லை.

குறுக்கே வந்த இடங்களும் உண்டு. 1837 நவம்பர் 7, இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டன் நகரம். அடிமை முறையை எதிர்த்து எழுதிய எலைஜா லவ்ஜாய் என்ற பாதிரியாரின் அச்சு யந்திரங்களைக் கும்பல் ஏற்கெனவே மூன்று முறை உடைத்திருந்தது. நான்காவது யந்திரத்தைக் காக்க அவரும் நண்பர்களும் கிடங்கில் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். வெளியே இருந்தவர்களிடமும் துப்பாக்கி இருந்தது. லவ்ஜாய் சுடப்பட்டுச் செத்தார். யந்திரத்தைத் தூக்கி வெளியே எறிந்து நொறுக்கினார்கள். துப்பாக்கி எல்லோருக்கும் பொது. அதனால்தான் எண்ணிக்கையில் குறைந்தவனை அது காப்பாற்றுவதில்லை. மாறுபட்டுப் பேசுகிறவனோ எப்போதும் எண்ணிக்கையில் குறைந்தவன்.

எனக்கு எதிரான சாட்சிகளில் மிக வலிமையானவரை நானே கூப்பிடுகிறேன், என் நண்பர் அவரைக் குறிப்பிடவில்லை என்றாலும். ஐடா பி. வெல்ஸ். மெம்ஃபிஸ் நகரத்தில் அவர் நடத்திய பத்திரிகையின் பெயரே ‘ஃப்ரீ ஸ்பீச்’. 1892 மார்ச்சில் அந்நகரத்து வெள்ளைக் கும்பல் மூன்று கறுப்பர்களைச் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது; அதில் ஒருவர் வெல்ஸின் நெருங்கிய சிநேகிதர். அவர் எழுதினார். மே மாதம், அவர் ஊரில் இல்லாத சமயத்தில், பத்திரிகை ஆபீஸை அழித்தார்கள். அதே வருஷம் வெளியிட்ட பிரசுரத்தில், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் துப்பாக்கிக்குக் கௌரவமான இடம் வேண்டும் என்று வெல்ஸ் எழுதினார். அதை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. சட்டம் கொலைகாரனோடு சேர்ந்து நிற்கும்போது வீட்டு வாசலைக் காக்க வேறு என்ன இருக்கிறது? ஆனால் வெல்ஸ் சொன்னது உயிரைக் காக்கும் துப்பாக்கியைப் பற்றி. பேச்சுக்கு அவர் துப்பாக்கியை நம்பவில்லை. ஊரை விட்டு வெளியேறி, வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட செய்திகளைத் தொகுத்து, பெயர், தேதி, சொல்லப்பட்ட காரணம் என்று அடுக்கி, அந்தக் காரணங்கள் பொய் என்று காட்டினார். அந்தக் கணக்குக்குத் துப்பாக்கியால் பதில் சொல்ல முடியவில்லை. தற்காப்பு ஒரு நியாயம், பேச்சு ஒரு நியாயம். இரண்டையும் குழப்பாமல் வைத்திருந்தவர் அவர், குழப்புகிறவர்கள் நாம்.

இன்றைக்கு வருவோம். பேச்சைக் காப்பதாகச் சொல்லும் துப்பாக்கி, தன்னைப் பற்றிய பேச்சை எவ்வளவு சகித்துக்கொள்கிறது? 1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ், நோய்த் தடுப்பு மையத்தின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகச் செலவாகக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. துப்பாக்கிக் காயங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த மையம் செலவழித்த அதே 26 லட்சம் டாலரை அதன் கணக்கில் வெட்டியது. பாடம் எல்லோருக்கும் புரிந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஆராய்ச்சி ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. 2011-ல் ஃப்ளோரிடா மாநிலம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று நோயாளியிடம் டாக்டர் கேட்பதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. கேட்கும் உரிமை பறிபோயிற்று, வைத்திருக்கும் உரிமையின் பெயரால். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைத் தள்ளியது. எதைக் காட்டி? முதல் திருத்தத்தை. 2024-ல், நியூயார்க் அதிகாரி ஒருவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மிரட்டித் தன் குரலை நெரிக்கப் பார்த்தார் என்று தேசியத் துப்பாக்கிச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதும் அது பிடித்துக்கொண்டது முதல் திருத்தத்தைத்தான். வழக்கைத் தொடரலாம் என்று நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. சரியான தீர்ப்பு. துப்பாக்கிக்காரனுக்கும் பேச்சுரிமை வேண்டியிருக்கிறது; பேச்சுக்காரனுக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. யார் யாருக்குக் காவல் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

2020 ஏப்ரல் 30-ம் தேதி மிச்சிகன் மாநிலத்துச் சட்டசபைக் கட்டிடத்தில் நீளத் துப்பாக்கிகளோடு ஆட்கள் மாடத்தில் நின்றார்கள். கீழே சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத உடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சுடவில்லை. சட்டப்படி அன்று அது குற்றமுமில்லை. ஆனால் அங்கே நடந்ததை விவாதம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி உரிமையை மிக விரிவாக்கிய 2022-ம் வருஷத்து ப்ரூயென் தீர்ப்பேகூட, ஆயுதத்தைத் தடை செய்யத்தக்க இடங்களாகச் சட்டசபையையும் ஓட்டுச் சாவடியையும் நீதிமன்றத்தையும் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மூன்றும் மனிதர்கள் சொல்லால் ஒரு முடிவுக்கு வரும் இடங்கள். துப்பாக்கி உள்ளே வந்தால் சொல் செத்துவிடும் என்பது துப்பாக்கியின் வழக்கறிஞர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதனால் சொல் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. லவ்ஜாயைக் கொன்ற கும்பலை யாரோ பேசித்தான் திரட்டினார்கள். ஆனால் சொல்லுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் நம்பலாம், சிரிக்கலாம், எதிர்த்துப் பேசலாம், பத்து வருஷம் கழித்து மனம் மாறலாம். தோட்டாவுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே யாருமில்லை. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. அவர்கள் தங்களோடு நடத்திக்கொண்டிருந்த வாதத்துக்குக்கூட மறுநாள் ஒன்று வாய்க்கவில்லை. தராசில் வைக்கச் சொன்னால் நான் வைக்கும் எடைக்கல் இதுதான்: எது மறுமொழிக்கு இடம் விடுகிறது?

இனி கவிஞர். 1970-களின் வானம்பாடிகள் தொட்டு நமக்குப் பழகிப்போன உருவகம் இது. அதன் பாமரத்தனம் மட்டும்தான் குறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்த உருவகத்தை நம் கவிஞர்களுக்கு முன்பே முழு மனதோடு நம்பியவர் ஒருவர் இருந்தார்: வைஸ்ராய் லிட்டன். 1878-ல் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் ஆயுதச் சட்டமும் அவர் ஆட்சியில் ஒரே வருஷத்தில் வந்தன. பத்திரிகை அச்சிடுகிறவன் ஜாமீன் கட்ட வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கிறவன் லைசென்ஸ் வாங்க வேண்டும். இங்கிலீஷ் பத்திரிகைக்கு முன்னதிலிருந்து விலக்கு, ஐரோப்பியனுக்குப் பின்னதிலிருந்து விலக்கு. சொல் ஆயுதம் என்றால் இதுதான் அதன் தர்க்க ரீதியான முடிவு.

நம் அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் இரண்டையும் பிரித்தார்கள். அது தற்செயலாக நடந்ததல்ல. 1931-ம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு, இடம் பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் ஹெச். வி. காமத் அதைச் சாசனத்தில் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. இன்று 19-வது பிரிவில் பேச்சுரிமைக்கு அடுத்து வருவது, அமைதியாகவும் ஆயுதமில்லாமலும் கூடும் உரிமை. ஆயுதம் என்ற சொல் அங்கே தன் இல்லாமையைக் குறிக்கவே வருகிறது. அதே பிரிவைக் காட்டி, சென்னை ராஜ்யம் தடை செய்த ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்காக ரொமேஷ் தாப்பர் 1950-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். மறு வருஷமே நம் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சுரிமையைக் குறுக்கியது. அவர்களுடைய முதல் திருத்தம் கதவைத் திறந்தது, நம்முடையது பாதி சாத்தியது. நண்பர் நம் பேச்சுரிமை மெலிந்தது என்று சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மெலிந்தது நம்மிடம் துப்பாக்கி இல்லாததால் அல்ல. சொல்லைப் போலீஸ் ஆயுதமாகப் பார்ப்பதால். அந்தப் பார்வைக்கு மேடையில் நின்று சாட்சி சொல்கிறவர் நம் கவிஞர்.

வில்லாளியையும் சொல்லாளியையும் ஒப்பிட நேர்ந்தபோது வள்ளுவர் சொல்லை வில்லாக்கவில்லை, இரண்டையும் ஏராக்கினார். உருவகத்தில் எவ்வளவு பொறுப்பு இருக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கவுண்டரில் என்னோடு தினமும் பத்துப் பேர் சண்டை போடுகிறார்கள். பாதி நேரம் நியாயம் அவர்கள் பக்கம். அவர் இடத்தை விட்டு எழுந்து துப்பாக்கியோடு இந்தப் பக்கம் வந்தால் சண்டை நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வருவதில்லை.

கவிஞரும் நண்பரும் இதைப் படிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் மறுக்கட்டும். இந்த முறை கடைசி பஸ் போனாலும் பரவாயில்லை, இருந்து கேட்கிறேன்.