ஆட்டம் கற்குமுன் தரையைப் பாருங்கள்

1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழை இளைஞர்களிடையே முளைத்த பிரேக் டான்ஸ், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் அரங்கமும் ஏறிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால், எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பணம் கட்டுமுன் பெற்றோர் ஒருநாள் வகுப்பை நேரில் பார்ப்பது நலம். அலமாரியிலுள்ள கோப்பைகளைவிடத் தரையைக் கவனிக்க வேண்டும். வெறும் சிமெண்டுத் தரை மணிக்கட்டையும் முழங்காலையும் பதம் பார்த்துவிடும். முதலில் உடலைப் பதப்படுத்தும் பயிற்சி; பிறகு நின்றாடும் அடிகள்; அதன்பின் கையூன்றிக் கால்வீசும் அடிகள்; சுழற்சியெல்லாம் கடைசியில்தான். வந்த அன்றே பையனைத் தலைகீழாகச் சுழலவிடுபவர் நல்லாசிரியர் அல்லர்.

புதியவனுக்கும் வட்டத்தின் நடுவே ஆட இடமுண்டா என்றும் பார்க்கவேண்டும். வட்டமே இக்கலையின் உயிர்.

கைதட்டல் ஒரு நிமிடம். கழுத்தோ ஆயுள் முழுவதும் வேண்டும்!