பழி வாயுவின் மேல்

பஞ்சபூதத் தலங்களில் காஞ்சீபுரம் பிருதிவித் தலம். ஏகாம்பரநாதர் அங்கே மண் லிங்கமாக எழுந்தருளியிருக்கிறார். வாயுத் தலம் காளஹஸ்தி. இந்த விவரம் காஞ்சியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சந்நிதித் தெருவிலிருந்து பிள்ளையார்பாளையம் வரையில் எந்த வீட்டில் யாருக்கு நெஞ்சு படபடத்தாலும் பழி என்னவோ வாயுவின் மேல்தான் விழுகிறது. "ஒன்றுமில்லை, வாயு. ராத்திரி உருளைக்கிழங்கு சாப்பிட்டேன் அல்லவா?" என்கிறார் வீட்டுக்காரர். உடனே பெருங்காயம் வருகிறது. ஓமத் தண்ணீர் வருகிறது. மூலைக் கடையிலிருந்து ஒரு சோடாவும் வருகிறது. வராதவர் டாக்டர் ஒருவர்தான்.

இந்த வழக்கத்தைக் கண்டிக்கத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன். இது காஞ்சிக்கு மட்டும் உரியது அல்ல. திருநெல்வேலியிலும் கோயமுத்தூரிலும் மயிலாப்பூரிலும் இதே கதைதான். ஆனாலும் காஞ்சியைச் சொல்லுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

நம் இருதயத்துக்கு நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்புக்கும் அனுப்புகின்றன. இளைப்பாறும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை, ஒரே தாளத்தில் நடக்கிற வேலை இது. சிலருக்கு மேலறைகள் இந்தத் தாளத்தை விட்டுவிடுகின்றன. ஒழுங்காகச் சுருங்குவதற்குப் பதிலாக, நிமிஷத்துக்கு 350 முதல் 600 தடவை வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகளும் அந்தக் கலவரத்தில் தாறுமாறாகத் துடிக்கின்றன. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலறை நடுக்கம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். முதுமை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, தைராய்டுக் கோளாறு, மது ஆகியவை இதற்கு வழி திறந்துவிடுகின்றன. நம் நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணாக வந்து, மூட்டுவலிக் காய்ச்சலாக மாறி, இருதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போகிறதே ருமாட்டிக் காய்ச்சல், அதற்கு ஆளானவர்களுக்கு நடு வயதுக்கு முன்பே மேலறை நடுக்கம் வந்துவிடக்கூடும்.

நடுக்கத்தோடு போனால் பரவாயில்லை. மேலறை சரியாகச் சுருங்காதபோது அங்கே இரத்தம் தேங்குகிறது. முக்கியமாக, இடது மேலறையில் சிறு பை போல ஒட்டியிருக்கும் ஒரு பகுதியில். தேங்கிய இரத்தம் கட்டியாக உறைகிறது. கட்டி ஒரு நாள் புறப்பட்டு மூளைக்குப் போகிறது. வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது, ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம், இல்லாதவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த அபாயத்துக்குத்தான் நாம் 'வாயு' என்று செல்லப் பெயர் வைத்துச் சோடா வாங்கிக் கொடுக்கிறோம்!

இதைக் கண்டுபிடிக்க முதலில் என்ன வேண்டும்? விரல்கள் வேண்டும். நாடி பார்ப்பது நமக்குப் புதிய வித்தையா? சித்த வைத்தியத்தில் நோயை அறிவதற்கு வகுத்த எட்டு வழிகளில் நாடி ஒன்று. அந்த விரல்கள் எங்கே போயின? வைத்தீசுவரன் கோயிலில் நாடி ஜோசியம் பார்க்க ரயில் ஏறுகிறோம். சொந்த மணிக்கட்டில் நாடி பார்க்க அரை நிமிஷம் கிடைக்கவில்லை.

1912-ம் வருஷம் வெங்கெபாக் என்ற ஹாலந்துக்கார டாக்டரிடம் ஒரு வியாபாரி வந்தார். தம் காரியங்களிலெல்லாம் ஒழுங்கை எதிர்பார்க்கிற மனிதர் அவர். தம் நாடி தாறுமாறாக ஓடுவதை அவரே கவனித்திருந்தார். அதை அவரால் சகிக்க முடியவில்லை. டாக்டர் தம்மால் ஆகாது என்று கையை விரித்தார். மறுநாள் காலையில் வியாபாரி ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார்! ஒரு கிராம் கொயினா சாப்பிட்டாராம். மலேரியாவுக்குக் கொடுக்கிற அதே கொயினாதான். அதன் வழியாகத்தான் 1918-ல் குவினிடீன் என்ற இருதய மருந்து பிறந்தது. இன்று யாரும் கொயினாவைத் தேடி ஓட வேண்டாம். வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. நான் கவனிக்கச் சொல்லுவது வியாபாரியின் கோபத்தை. தம் நாடி பிசகியது அவருக்கு அவமானமாக இருந்தது. நமக்கோ அது அஜீரணமாக இருக்கிறது.

காஞ்சியைச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். தாளம் பிசகினால் பொறுக்காத ஊர் அது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோர்வைச் சேலை நெய்யும்போது மூன்று நாடா ஓடுகிறது. நெசவாளி ஒருவர், பக்கத்தில் உதவியாள் ஒருவர். இருவர் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகுதான் மறு ஓட்டம். அப்படிப்பட்டவர் தம் நெஞ்சில் இழை அறுகிறபோது மட்டும் நிறுத்துவதில்லை. "என்னங்க, ஒரு நடை பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க" என்று மனைவி கெஞ்சினால், "இரு, இந்தச் சேலை இறங்கட்டும்" என்பார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். தறி நின்றால் கூலி நின்றது. ஆஸ்பத்திரித் திண்ணையில் ஒரு பகல் காத்திருப்பதற்கு அவர் கொடுக்கிற விலை நமக்குத் தெரியாது.

என் கோபமெல்லாம் அந்தச் சேலையை வாங்குகிற நம்மேல்தான். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிக்குப் போகிறோம். ஒவ்வொரு சேலையையும் விரிக்கச் சொல்லி, கரையை விரலால் தடவி, சரிகை அசலா என்று நாலு பேரிடம் கேட்டு, ஒரு பகல் முழுவதும் செலவழிக்கிறோம். கூடவே வந்து, படியேற முடியாமல் மூச்சு வாங்கிக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்ட அப்பாவின் மணிக்கட்டை யாராவது தொட்டோமா? "அப்பாவுக்கு வயசாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையைப் பார்க்கிறோம். நமக்குப் பணம் இல்லையா, படிப்பு இல்லையா? வருஷா வருஷம் பரிசோதனை செய்துகொண்டு கொலஸ்டிரால் எண்ணை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள்தானே நாம்? ஆனால் இந்த நடுக்கம் வந்து வந்து போகிற குணமுடையது. காலையில் எடுத்த ஈஸிஜியில் இல்லாதது மாலையில் வரும். ஆகையால் படபடப்பு இருக்கிறபோதே போய் ஈஸிஜி எடுத்துக்கொள்ள வேண்டும். அடங்கின பிறகு போய், "எல்லாம் சரியாக இருக்கிறதாம்" என்று திரும்புவதில் பயன் இல்லை.

கதை எழுதுகிற எங்கள் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் கதைகளில் பெரியவர் ஒரு கடிதத்தைப் படிப்பார், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார், அத்தியாயம் முடியும். இருதய வியாதி என்றால் இப்படித்தான் வரும் என்று வாசகர்களும் நம்பிவிட்டார்கள். மார்பில் வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் லேசான மயக்கமாகவும் வருகிற வியாதியை வைத்துக் கதையை முடிக்க முடியாதே! ஒன்றுமே தெரியாமல், பக்கவாதமே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு.

சர்க்காரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம், நல்ல திட்டம். கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குத்தானே இந்த நடுக்கமும் அதிகம் வருகிறது? பட்டையைச் சுற்றுகிற அதே கையில்தானே மணிக்கட்டும் இருக்கிறது? இன்னும் அரை நிமிஷம் விரலை வைத்துப் பார்க்கும்படி எல்லா ஊழியர்களுக்கும் கற்றுக்கொடுத்து, பிசகினவரை அன்றைக்கே ஈஸிஜிக்கு அனுப்பினால் கஜானா காலியாகிவிடாது.

"எல்லோரையும் சோதித்துப் பயமுறுத்துவதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். டென்மார்க்கில் தோலுக்கடியில் கருவி வைத்துச் சோதித்தார்கள். நடுக்கம் மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. அதே வருஷம், 75, 76 வயதினரை அழைத்துச் சோதித்த ஸ்வீடனில் சிறு பலன் கிடைத்ததாகத் தெரிந்தது. நான் கருவி கேட்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று தாமே வாய்விட்டுச் சொல்லுகிறவரையும், வேறு காரியத்துக்காக ஏற்கெனவே கையை நீட்டியிருக்கிறவரையும் நாடி பாருங்கள் என்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது. முதல் வழி, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற மருந்து. யாருக்கு வேண்டும், எது வேண்டும் என்பதை டாக்டர் தீர்மானிப்பார். மருந்துக் கடைக்காரர் கொடுக்கிற ஆஸ்பிரின் இதற்குப் பதில் அல்ல. இங்கிலாந்தில் 75 வயதுக்கு மேற்பட்ட 973 பேரை வைத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள்: வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான். இப்போது அபிக்ஸபான் போன்ற புது மருந்துகளும் உண்டு. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு மிகவும் சுருங்கினவர்களுக்குப் பழைய வார்ஃபரின் வகைதான் ஏற்றது. அதைச் சாப்பிடுகிறவர்கள் குறித்த காலத்தில் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக் கட்டாக, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். "உடம்பு சரியாகிவிட்டது" என்று தாமாகவே மருந்தை நிறுத்துகிறவர் பழைய அபாயத்துக்கே திரும்பிப் போகிறார்.

இரண்டாவது வழி, தாளத்தையே திருத்துவது. நடுக்கம் தெரிந்த ஒரு வருஷத்துக்குள் அதற்கான சிகிச்சையைத் தொடங்கினால் பக்கவாதமும் இருதய மரணமும் குறைகின்றன என்று 2,789 பேரை வைத்து நடந்த ஐரோப்பிய ஆய்வு 2020-ல் சொல்லிற்று. காலம் தாழ்த்தாதீர்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அத்தனையும் தவறிப் பக்கவாதமே வந்துவிட்டால், கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரந்தான் அவகாசம். அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. வாய் கோணின நேரத்திலிருந்து. காஞ்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். வேப்பிலை அடிப்பதிலும், மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பதிலும் இரண்டு மணி போனால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரட்டும்.

காஞ்சியில் பிறந்த அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் காரைப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டி என்றால் உடனே காட்ட வேண்டும் என்ற பாடத்தை அந்தச் சீமை கொஞ்சமாவது கற்றுக்கொண்டது. நாடி பிசகினாலும் உடனே காட்ட வேண்டும் என்ற பாடத்தை இனித்தான் கற்க வேண்டும். இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், மூன்று விரலை அரை நிமிஷம் வையுங்கள். தாளம் சீராக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். தாறுமாறாக இருந்தால் நாளைக்குக் காலையில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ மயக்கமோ மார்வலியோ இருந்தால் நாளை வரையில்கூடக் காத்திருக்க வேண்டாம்; உடனே புறப்படுங்கள்.