கண் மூடியும் ஓயாத விளையாட்டு

திருகோணமலைத் துறைமுகத்தில் படகை விட்டு இறங்குபவருக்குச் சற்று நேரம் தரையே ஆடுவது போலிருக்கும். கால் கரைக்கு வந்துவிட்டது; மூளை இன்னும் படகில்தான் இருக்கிறது. மணிக்கணக்காக வீடியோ கேம் ஆடும் பிள்ளையின் நிலையும் இதுதான், சகோதரிகளே.

"உம்மா, கண்ணை மூடினாலும் கேம்தான் தெரியுது" என்று மகன் சொன்னால், ஏதோ தீண்டிவிட்டது என்று கலங்காதீர்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 27 பேர் மூன்று நாட்களில் மொத்தம் 7 மணி நேரம் 'டெட்ரிஸ்' ஆடினார்கள். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம் அது. 17 பேருக்குத் தூக்கம் வரும் வேளையிலும் கட்டைகள் விழுவது தெரிந்தது. ஆடியதே நினைவில் தங்காத மறதி நோயாளர் மூவரும் அவர்களில் அடக்கம். பகலில் பழகியதை மூளை இரவிலும் அசைபோடுகிறது, அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது வேறு. நிறுத்த முடியாமை, ஊண் உறக்கம் படிப்பெல்லாம் பின்தள்ளப்படுதல், கெடுதி கண்டும் தொடர்தல் ஆகியவை ஓராண்டளவு நீடித்தால் அதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஏச்சும் அடியும் மருந்தல்ல, மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த நிலை வருமுன்பே, இஷாவுக்குப் பின் போன் உங்கள் கையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளையோடு பேசுங்கள். கண்ணை மூடும்போது அவன் காதில் உங்கள் குரல் மிஞ்சட்டும்.